செவிலியர் பற்றாக்குறை: ஆள் இல்லையா, இடம் இல்லையா?

உங்கள் கேள்வி இது: உலகம் முழுவதும் நர்ஸ் பற்றாக்குறை என்று செய்தி வருகிறது. ஆனால் படித்து முடித்த பலருக்கு வேலை கிடைப்பதில்லை; கிடைத்தவர்களும் சில வருடங்களில் விலகிவிடுகிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? இந்தத் தொழில் வளர்ந்திருக்கிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா? மகளை நர்சிங்கில் சேர்க்கலாமா என்பதைக் கடைசியில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அந்த ஒரு வரிக்காகக் கேட்டவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

வார்டில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, பிறகு வகுப்பறைக்கு வந்தவள் நான். அதனால் என் பதிலில் கொஞ்சம் கோபமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 2 கோடியே 79 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள். பற்றாக்குறை 59 லட்சம். 2025-இல் வந்த அடுத்த அறிக்கையில் மொத்தம் 2 கோடியே 98 லட்சம். பற்றாக்குறை 58 லட்சம். இடையில் ஒரு பெருந்தொற்றே வந்துபோனது. எண்ணிக்கை கூடியும் பள்ளம் ஏறக்குறைய அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று: உலகச் செவிலியர்களில் 78 சதவீதம் பேர் இருக்கும் நாடுகளில் வாழ்வது உலக மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவானவர்கள். மீதிப் பாதி உலகத்துக்கு எஞ்சிய 22 சதவீதம்தான்.

இப்போது உங்கள் முரண்பாட்டுக்கு வருகிறேன். 'பற்றாக்குறை' என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு நோய்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒன்று, பயிற்சி பெற்ற ஆளே இல்லாதது. மற்றொன்று, ஆள் இருந்தும் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் பணியிடம் இல்லாதது. கென்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மருத்துவமனைகளில் செவிலியர் போதவில்லை. அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான பயிற்சி பெற்ற நர்சுகள் வேலையில்லாமல் இருந்தார்கள். அரசின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வைத்திருந்ததால் காலியிடத்தை நிரப்பப் பணம் ஒதுக்கவில்லை. 2021-இல் பிரிட்டனும் கென்யாவும் செய்துகொண்ட ஒப்பந்தமே வேலையில்லாத கென்ய நர்சுகளைப் பிரிட்டனுக்கு எடுத்துக்கொள்வது பற்றியதுதான். நோயாளி அங்கே, நர்சும் அங்கே, வேலை மட்டும் வேறு நாட்டில்.

பணியிடத்தை உருவாக்க நிர்வாகங்கள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன? கணக்குப் புத்தகத்தில் செவிலியர் வரவுப் பக்கத்தில் இல்லை, செலவுப் பக்கத்தில் இருக்கிறார். மருத்துவர் பார்த்ததற்குக் கட்டணம் உண்டு, ஸ்கேனுக்கு உண்டு, மருந்துக்கு உண்டு. பெரும்பாலான நாடுகளில் நர்சின் வேலை அறை வாடகைக்குள் அடங்கிவிடுகிறது, மின்விசிறியையும் படுக்கை விரிப்பையும் போல. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஆனால் அந்த வேலை என்ன? ஊசி போடுவது, டிரிப்ஸ் மாற்றுவது, கட்டுப் போடுவது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவை கண்ணுக்குத் தெரிபவை. நர்சிங்கின் நடுநரம்பு கவனித்துக்கொண்டே இருப்பது. அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி ஒருவரின் மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 16-லிருந்து 24 ஆகிறது. பி.பி. இன்னும் சரியாகவே இருக்கிறது. ஆனால் அவர் போர்வையை விரலால் நிமிண்டிக்கொண்டே இருக்கிறார், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறார். உள்ளே ரத்தம் கசிகிறதோ, தொற்று பரவுகிறதோ என்ற சந்தேகம் அந்த நேரத்தில் ஒருவருக்கு வர வேண்டும். வந்தால் மருத்துவரை எழுப்புவார்கள், சிகிச்சை மாறும், நோயாளி வீட்டுக்குப் போவார். நடந்ததாக எதுவும் இருக்காது. நடக்காத ஒன்றுக்கு பில் போட முடியாது என்பதுதான் இந்தத் தொழிலின் துயரம்.

நான் பணியில் சேர்ந்த தொடக்கத்தில் ஓர் இரவு. நாற்பது படுக்கை வார்டு, நாங்கள் இரண்டு பேர். கதவருகில் இருந்த நோயாளிக்கு மேலே சொன்ன அதே அறிகுறிகள். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருந்ததால் கண்ணில் பட்டுவிட்டது, விடிவதற்குள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம். அந்தப் பரபரப்பிலேயே இரவு கழிந்தது. கோடியில் ஜன்னலோரம் இருந்த இன்னொருவரின் நிலையும் அதே இரவில் மோசமாகியிருக்கிறது. அவருடைய கேஸ் ஷீட்டில் 2 மணிக்கும் 4 மணிக்கும் உரிய கட்டங்கள் காலி. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். எங்களுக்கு மெமோ வந்தது: கட்டங்களை ஏன் நிரப்பவில்லை? அன்று வார்டில் எத்தனை பேருக்கு எத்தனை நர்சுகள் என்று விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நாங்களே எழுப்பியிருக்கலாம் என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்வியை ஆராய்ச்சியாகக் கேட்டவர் அமெரிக்காவின் லிண்டா ஐக்கன். அவர் குழு பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 2 லட்சத்து 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. ஒரு நர்சின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுகிறது என்று 2002-இல் எழுதினார்கள். நர்ஸ் சோர்ந்துபோகும் சாத்தியம் 23 சதவீதம் கூடியது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் ஆய்வு செய்தபோதும் கூடுதல் நோயாளி ஒருவருக்கு அதே 7 சதவீதம் வந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: பட்டப்படிப்பு முடித்த நர்சுகளின் பங்கு 10 சதவீதம் கூடினால் இறப்பின் சாத்தியம் 7 சதவீதம் குறைகிறது. 'படுக்கையைச் சரிசெய்ய எதற்குப் பட்டம்?' என்று கேட்பவர்களிடம் நான் இந்த ஓர் எண்ணைத்தான் சொல்வேன்.

இந்தக் கணக்கைச் சட்டமாக்கிய இடங்கள் மிகச் சில. கலிபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நோயாளிகள், பொது வார்டில் முதலில் ஆறு, 2005 முதல் ஐந்து, அதற்கு மேல் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தொழிற்சங்கம் போராடி, ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிகள் என்ற விகிதத்தை 2000-இல் பெற்றது. 2015-இல் அது சட்டமானது. அதே நாட்டின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் தொடங்கியது. அங்கே விகிதம் வந்த மருத்துவமனைகளையும் வராதவற்றையும் ஒப்பிட்டு 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. கூடுதல் நர்சுகளுக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதிலும் மறுபடி வந்து சேராததிலும் மிச்சமாகியிருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது. நோயாளி பிழைக்கிறார் என்று சொன்னபோது அசையாத நிர்வாகங்களிடம், பணம் மிச்சமாகிறது என்று நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இந்த அலட்சியம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் எல்லோருக்கும் கையில் விளக்கேந்திய பெண்தான் நினைவுக்கு வரும். ரஷ்யாவுக்கு எதிராகப் பிரிட்டன் பங்கேற்ற கிரிமியப் போரின்போது 1854-இல் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அவர் போன பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவுகள் குறையவில்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சீர்செய்து காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகுதான் இறப்பு விகிதம் வேகமாகச் சரிந்தது. நைட்டிங்கேலின் பெருமை, ஊருக்குத் திரும்பிய பின் இதைப் புள்ளிவிவரங்களை வைத்துத் தாமே கண்டுபிடித்து ஒப்புக்கொண்டதில் இருக்கிறது. பிரிட்டனின் புள்ளியியல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர், 1858-இல். எண்களோடு மல்லுக்கட்டிய அந்த அறிவாளியை மறந்துவிட்டு விளக்கை மட்டும் சிலையாக்கி வைத்துக்கொண்டோம்.

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி இந்தத் தொழிலுக்கு ஒழுங்கான படிப்பைக் கொடுத்தது. கூடவே ஒரு சுமையையும் ஏற்றியது: கீழ்ப்படிதல், குணநலம், தொண்டு மனம். செவிலியர்கள் அரசிடம் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும் என்ற யோசனையை நைட்டிங்கேலே எதிர்த்தார். நல்ல குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்பது அவர் வாதம். எதிரணியில் நின்றவர் எத்தல் பெட்போர்ட் ஃபென்விக். அவர் 1887-இல் சங்கம் தொடங்கி, 1899-இல் உலகச் செவிலியர் கழகத்தையும் உருவாக்கினார். பிரிட்டனில் பதிவுச் சட்டம் வர 1919 வரை போராட வேண்டியிருந்தது. அதற்குள் நியூசிலாந்து முந்திக்கொண்டது. 1901-இல் செவிலியருக்கென்றே தனிப் பதிவுச் சட்டம் கொண்டுவந்த முதல் நாடு அதுதான்.

ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோலையும் இங்கே சொல்லியாக வேண்டும். காலரா, மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளைப் பார்த்த அனுபவம் அவருக்கு ஏராளம். கிரிமியாவுக்குப் போக விண்ணப்பித்தபோது எடுத்துக்கொள்ளவில்லை. தம் சொந்தச் செலவில் போய்ப் போர்முனைக்கு அருகிலேயே விடுதி நடத்தி வீரர்களைக் கவனித்தார். யாரை நர்ஸ் என்று ஒப்புக்கொள்வது என்பதில் நிறமும் பாலினமும் தொடக்கம் முதலே இருந்தன. பிரிட்டனின் செவிலியர் கல்லூரிச் சங்கம் ஆண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1960-இல்தான். இன்றும் உலகில் பத்துச் செவிலியரில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். தலைமைப் பதவிகளில் மட்டும் அந்த விகிதம் காணாமல் போய்விடுகிறது.

தமிழில் 'வெள்ளுடை தேவதைகள்' என்று எழுதுவார்கள், உலகச் செவிலியர் தினமான ஒவ்வொரு மே 12-ஆம் தேதியும் தவறாமல். நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் தேவதைக்கு வீட்டு வாடகை இல்லை, முதுகுவலி இல்லை, மிகைநேரப் படி இல்லை. அந்தப் பட்டத்தைச் சூட்டிய கையோடு சம்பள உயர்வு கேட்டால், 'சேவைக்கு வந்துவிட்டு இதெல்லாம் கேட்கலாமா?' என்கிறார்கள். பெருந்தொற்றில் கைதட்டினார்கள். 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை ஏறத்தாழ 1 லட்சத்து 15 ஆயிரம் சுகாதாரப் பணியாளர்கள் கோவிட்டால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கைதட்டல் ஓய்ந்த பிறகு, 2022 டிசம்பரில், மேலே சொன்ன பிரிட்டனின் செவிலியர் கல்லூரிச் சங்கம் தன் 106 வருட வரலாற்றில் முதல்முறையாகப் பெரிய அளவில் வேலைநிறுத்தம் செய்தது. 'நோயாளியை விட்டுவிட்டு எப்படிப் போகலாம்?' என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அவசரப் பிரிவுகளில் ஆள் வைத்துவிட்டுத்தான் போனார்கள் என்பது ஒருபுறம். ஆளில்லாத வார்டில் தினமும் நோயாளி கைவிடப்படுவதைப் பற்றித்தான் அந்த வேலைநிறுத்தமே.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நோயாளியைத் தூக்கித் திருப்பி முதுகு போகும். ஊசி குத்திக்கொண்டால் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைப் பயம். இரவுப் பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-லேயே வகைப்படுத்தியது. உறவினர்களின் அடியும் வசவும் வேறு. மருத்துவர் ஒரு பக்கம், நோயாளியின் குடும்பம் மறுபக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். செவிலியரின் மனநலத்துக்கென ஏதாவது ஏற்பாடு வைத்திருப்பதாகச் சொன்ன நாடுகள் 42 சதவீதம்தான் என்கிறது 2025 அறிக்கை.

வெளிநாடு போவது பற்றி. இன்று உலகில் ஏழு செவிலியரில் ஒருவர் தாம் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார். பணக்கார நாடுகளில் 23 சதவீதம் பேர் அப்படிப்பட்டவர்கள். பிலிப்பைன்ஸ் இதற்குப் பழைய உதாரணம். 1948-இல் அமெரிக்கா தொடங்கிய பரிமாற்றத் திட்டத்தின் வழியே போகத் தொடங்கியவர்கள், பின்னால் ஒரு நாட்டின் கல்வி அமைப்பே ஏற்றுமதிக்காக வளரும் அளவுக்குப் போனார்கள். படிக்க வைக்கும் செலவு ஏழை நாட்டுக்கு, அறுவடை பணக்கார நாட்டுக்கு. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நடத்தை விதித்தொகுப்பு கொண்டுவந்தது. பற்றாக்குறை மிக மோசமாக உள்ள நாடுகளில் தேடிப் போய் ஆள் பிடிக்கக் கூடாது என்று பட்டியலும் போடுகிறார்கள். 2023-இல் அதில் 55 நாடுகள். ஆனால் அது தானாக முன்வந்து கடைப்பிடிக்க வேண்டியது, மீறினால் தண்டனை இல்லை.

போகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. தடை போட்டு நிறுத்துவதும் சரியல்ல என்றே நினைக்கிறேன். 2020-இல் பிலிப்பைன்ஸ் பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தடுத்துப் பார்த்தது. பிறகு ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, அந்த வரம்பையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. போகிறவர்களிடம் நான் சொல்வது வேறு. தீவிர சிகிச்சையில் பத்து வருட அனுபவம் உள்ளவர்கள், உரிமத் தேர்வு முடியும்வரை என்று உதவியாளர் வேலையில் சேர்ந்து, வருடக்கணக்கில் அதிலேயே தங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வேலை வாங்கித் தருவதற்கு ஏஜென்சி தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது விதி. பணம் கேட்டாலே எச்சரிக்கையாகுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

சரி, வளர்ச்சி? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்துகொண்டே கற்ற படிப்பு, 1909-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. பிரிட்டனில் 2013 முதல் நர்சாகப் பட்டம் கட்டாயம். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, நோயைக் கண்டறிந்து சிகிச்சையும் தொடங்கக்கூடிய உயர்நிலைச் செவிலியர் படிப்பை உருவாக்கினார்கள். 2025 அறிக்கைப்படி, தகவல் அளித்த நாடுகளில் 62 சதவீதத்தில் இப்படி ஏதோ ஒரு வகை உயர்நிலைப் பொறுப்பு இருக்கிறது. 2020-இல் அது 53 சதவீதம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் உகாண்டா. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வலி தாங்காமல் கிடப்பவர்களுக்கு வாய்வழி மார்ஃபின் வேண்டும். அதை மருத்துவர் மட்டுமே எழுதலாம் என்றிருந்தது; கிராமத்தில் மருத்துவர் இல்லை. 2004-இல் சட்டத்தைத் திருத்தி, அதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர்களே மார்ஃபின் எழுதலாம் என்று அனுமதித்தார்கள். புதிய மருந்தும் இல்லை, புதிய கருவியும் இல்லை. யார் கையெழுத்துப் போடலாம் என்பது மட்டும் மாறியது. தென்னாப்பிரிக்கா 2010-லிருந்து எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கும் பொறுப்பை நர்சுகளிடம் கொடுத்ததும் இதே வழிதான். அங்கே மருத்துவருக்காகக் காத்திருந்தால் எத்தனையோ பேருக்கு மருந்து சேர்ந்தே இருக்காது.

நெதர்லாந்தில் யோஸ் டி பிளாக் என்ற செவிலியர் 2006-இல் 'பூர்ட்சோர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் நர்சுகள், அதிகபட்சம் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள், மேலே மேற்பார்வையாளர் கிடையாது. யார் எந்த வீட்டுக்கு, எவ்வளவு நேரம் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். நர்சுக்குப் பொறுப்பைக் கொடுத்தால் குழப்பமாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு, ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் அளவுக்கு அது வளர்ந்ததைக் காட்டலாம்.

கணினிப் பதிவு, மானிட்டர், செயற்கை நுண்ணறிவு பற்றி அதிகம் பேசப் போவதில்லை. கேஸ் ஷீட் திரைக்குப் போனதால் எழுத்து வேலை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஓயாமல் ஒலிக்கும் அலாரங்களில் உண்மையானதும் காதில் விழாமல் போகும் அபாயம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

வேலையில் சேர்ந்தவர்களும் விலகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1980-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் கடும் நர்ஸ் பற்றாக்குறை இருந்தது. ஏன் விலகுகிறார்கள் என்று எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது: யாரும் விலகாத மருத்துவமனைகளில் என்ன நடக்கிறது? 1983-இல் வந்த அந்த ஆய்வில் 41 மருத்துவமனைகளைக் கண்டுபிடித்தார்கள். அங்கே நர்ஸ் சொல்வதை நிர்வாகம் கேட்டது. போதுமான ஆட்கள் இருந்தார்கள். மருத்துவரோடு மரியாதையான உறவு இருந்தது. மேலே படிக்க வழியிருந்தது. 'காந்த மருத்துவமனை' என்று பெயர் வைத்தார்கள். நாற்பது வருடங்கள் ஆகியும் இந்தப் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ எனக்கு எதுவும் தோன்றவில்லை.

உங்கள் மகள் விஷயம். அவளுக்கு விருப்பமிருந்தால் சேருங்கள். வெளிநாட்டுச் சம்பளத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், முதல் வருட வார்டுப் பயிற்சியிலேயே மனம் வெறுத்துவிடும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள், அங்கே ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள், பயிற்சி என்ற பெயரில் ஆள் குறைவை நிரப்ப அவர்களை நிறுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். படித்து முடித்து முதல் வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது அவளை இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இரவு ஷிப்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள்? நோயாளியின் நிலை மோசமாகிறது என்று எனக்குத் தோன்றினால், யாரிடமும் அனுமதி வாங்காமல் நேரடியாக யாரை அழைக்கலாம்? முதல் கேள்விக்கு எண்ணும் இரண்டாவதற்கு ஒரு பதவியின் பெயரும் உடனே வந்தால் சேரலாம். 'இங்கே நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று பதில் வந்தால், அடுத்த நேர்காணலுக்குத் தேதி கேட்கச் சொல்லுங்கள்.